முன்சக்கரத்தின் உட்சாய்வும் கட்டுப்பாட்டுக் கரமும்

சமதரையில் நிற்கும் மோட்டார் வண்டி ஒன்றின் முன்னே பத்தடி தள்ளி அமர்ந்து, அதன் முன்சக்கரங்கள் இரண்டையும் கூர்ந்து நோக்குவோமாயின், அவை முற்றிலும் செங்குத்தாக நிற்பதில்லை என்பது பல வண்டிகளில் புலனாகும். சிலவற்றில் சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்திருக்கும். வேறு சிலவற்றில் அது வண்டியின் நடுப்பக்கம் நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும். இச்சாய்வு கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதன்று. பெரும்பாலும் ஓரிரு பாகைக்கு மேற்படாது. ஆயினும் டயர் தேய்வதும், வளைவில் வண்டி சாலையைப் பற்றி நிற்பதும் இந்த ஓரிரு பாகையைச் சார்ந்தே உள்ளன.

ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வண்டியின் எடையைத் தாங்குவதும், வேகத்தை அடக்குவதும், திசையை மாற்றுவதும் இத்தகைய நான்கு உள்ளங்கைப் பரப்புகளே. அவற்றுள் ஒன்று பாதியாகக் குறைந்தால் என்ன நேரும் என்பதை மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர் நன்கு அறிவர். இப்பரப்பைக் காக்கும் பொருட்டே எஞ்சினியர்கள் சக்கரத்தின் சாய்வை வரையறுக்கின்றனர். அச்சாய்வை மாற்றுவதற்கு நீண்ட காலமாகக் கையாளப்பட்டுவரும் ஒரு வழி, முன்சக்கரத்தைத் தாங்கும் கட்டுப்பாட்டுக் கரத்தை வேறு நீளமுள்ள கரமாக மாற்றுவதாகும். அது எவ்வாறு பயன் தருகிறது, அதனால் வேறு எவையெல்லாம் மாறுகின்றன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாய்வின் பெயர்கள்

வண்டியை முன்னிருந்து நோக்கும்போது, செங்குத்துக் கோட்டுக்கும் சக்கரத்தின் தளத்துக்கும் இடையே உள்ள கோணமே கேம்பர் எனப்படுவது. சக்கரத்தின் மேல்முனை வெளியே சாய்ந்திருப்பின் அதனை வெளிச்சாய்வு என்றும், உள்ளே சாய்ந்திருப்பின் உட்சாய்வு என்றும் இங்கு வழங்குவோம். பட்டறைகளில் முன்னதைப் பாசிட்டிவ் கேம்பர் என்றும், பின்னதை நெகட்டிவ் கேம்பர் என்றும் கூறுவர்.

இதனோடு தொடர்புடைய கோணங்கள் வேறு மூன்று உண்டு. வண்டியை மேலிருந்து நோக்கினால் இரு சக்கரங்களின் முன்முனைகளும் ஒன்றையொன்று நோக்கிக் கூடியிருப்பது டோ-இன், விலகியிருப்பது டோ-அவுட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு, முன்னிருந்து பார்க்கையில் உட்புறம் சாய்ந்திருப்பது கிங்பின் சாய்வு. பக்கவாட்டில் பார்க்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். இந்நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றவை அசையாமலிருப்பது அரிது.

பழைய வண்டிகளில் வெளிச்சாய்வு

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் வெளிச்சாய்வே வழக்கமாயிருந்தது. அக்காலத்துச் சாலைகளின் நடுப்பகுதி உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருந்தன. கிங்பின்னின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் மிகுந்தால் ஸ்டியரிங் கனக்கும். சக்கரத்தை வெளியே சாய்ப்பது அத்தூரத்தைக் குறைத்தது. சுமையேறும்போது அச்சு வளைந்து சக்கரம் உள்ளே சாய்வதற்கும் இது ஈடு செய்தது.

இவ்வழக்கம் ஜீப்பிலும் தொடர்ந்தது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி பல்லாண்டுகள் தயாரித்த ஜீப்புகளுக்கு மூலமான வில்லிஸ் ஜீப்பின் முன்னச்சுக்கு 1½ பாகை வெளிச்சாய்வும், 3 பாகை காஸ்டரும், 7½ பாகை கிங்பின் சாய்வும் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வண்டியின் முன்னச்சு ஒரே இரும்புத் துண்டாக இறுகியது. அதில் கட்டுப்பாட்டுக் கரங்கள் இல்லை. ஆகவே கரத்தை மாற்றிச் சாய்வை மாற்றும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. இங்கு நாம் ஆராய்வது, ஒவ்வொரு சக்கரமும் தனித்து ஏறி இறங்கும் தனித்தொங்கல் அமைப்புடைய வண்டிகளையே.

வளைவில் நிகழ்வது யாது?

வண்டி இடப்புறம் திரும்புவதாகக் கொள்வோம். அப்போது வண்டியின் உடல் வலப்புறம் சாய்கிறது. எடையின் பெரும்பகுதி வலப்பக்கத்துச் சக்கரங்களின்மேல் ஏறுகிறது. உடல் சாயும்போது அதனோடு பிணைந்த சக்கரமும் உடன் சாய முற்படுகிறது. இதனால் மிகுந்த சுமையைத் தாங்கும் வெளிச்சக்கரத்தின் மேல்முனை வெளியே தள்ளப்படுகிறது. டயரின் வெளியோரம் நசுங்குகிறது. உள்ளோரம் தரையை விட்டு எழ முனைகிறது. எப்பொழுது பிடிப்பு மிகுதியும் வேண்டப்படுகிறதோ அப்பொழுதே தரையைத் தொடும் பரப்பு குறைகிறது.

ஓர் எண்ணைக் கொண்டு இதனை விளக்குவோம். வளைவில் உடல் 4 பாகை சாய்கிறது என்றும், தொங்கல் அமைப்பு அதில் பாதியைச் சரிக்கட்டிவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய 2 பாகை வெளிச்சக்கரத்தை வெளியே சாய்க்கும். நேரே ஓடும்போது அரை பாகை வெளிச்சாய்வு கொண்டிருந்த சக்கரம் வளைவில் 2½ பாகை வெளியே சாய்ந்து நிற்கும். அதே சக்கரத்துக்கு முன்னரே 1½ பாகை உட்சாய்வு கொடுத்திருந்தால், வளைவில் அது அரை பாகையே வெளியே சாயும். டயர் கிட்டத்தட்ட முழு அகலத்தோடும் தரையில் படியும். உள்வட்டத்துச் சக்கரத்துக்கு இம்மாற்றம் நன்மையன்று. ஆயினும் வளைவில் அது தாங்கும் சுமை சிறிதாகையால் அந்த இழப்பு பெரிதன்று. உட்சாய்வின் பயன் முழுவதும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

கரங்கள் சக்கரத்தைப் பிடிக்கும் விதம்

தனித்தொங்கல் அமைப்பில், சக்கரத்தின் மையக்குடத்தைத் தாங்கும் உறுப்பை மேலே ஒரு கரமும் கீழே ஒரு கரமும் பிடித்திருக்கும். கரத்தின் உள்முனை ரப்பர் புஷ் வழியாக வண்டியின் சட்டத்தோடும், வெளிமுனை பால் ஜாயிண்ட் வழியாகக் குடத்தாங்கியோடும் இணைந்திருக்கும். மேற்கரத்தைக் கீழ்க்கரத்தைவிடக் குட்டையாகச் செய்வது பெருவழக்கு. சக்கரம் மேலே எழும்போது குட்டையான கரம் சிறிய வட்டத்தில் சுழல்வதால் அதன் முனை விரைவாக உள்ளே இழுக்கப்படும். சக்கரம் தானாகவே உட்சாய்வு பெறும். ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றிப் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் எஞ்சினியர் 1930களில் இத்துறையில் அடிப்படையான ஆராய்ச்சிகள் செய்தார்.

இன்று சிறு கார்களில் மிகுதியாகக் காணப்படுவது மக்பெர்சன் ஸ்டிரட் அமைப்பு. இதில் மேற்கரம் இல்லை. அதிர்வடக்கியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு தூண் மேலே நிற்கிறது. கீழே ஒரு கரம் மட்டுமே உண்டு. இடம் சிறிதும் விலை குறைவுமான இவ்வமைப்பில், சக்கரம் மேலே எழும்போது தானாகப் பெறும் உட்சாய்வு குறைவு. ஆகவே இதில் தொடக்கத்திலேயே கொடுக்கப்படும் சாய்வு முக்கியத்துவம் பெறுகிறது.

மினி காரின் எடுத்துக்காட்டு

கரத்தை மாற்றி உட்சாய்வு பெறுவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பிரிட்டனின் மினி கார். அலெக் இசிகோனிஸ் வகுத்த இக்கார் 1959 ஆகஸ்டில் வெளிவந்து, 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. பத்தங்குலச் சிறு சக்கரங்களும், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்டன் வகுத்த ரப்பர் கூம்புகளும் அதன் சிறப்பு. மேற்கரம் ரப்பர் கூம்பை அழுத்தும்; கீழ்க்கரம் எளிய ஒற்றைத் துண்டு; அது முன்பின் அசையாதவாறு ஒரு டை பார் முன்னோக்கிச் சென்று அதனைச் சட்டத்தோடு பிணைக்கும்.

மினியின் முன்சக்கரங்களுக்குத் தயாரிப்பாளர் குறித்த சாய்வு 1 முதல் 3 பாகை வரை வெளிச்சாய்வு. காஸ்டர் 3 பாகை; கிங்பின் சாய்வு 9½ பாகை; டோ-அவுட் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 1959இல் அந்தக் காரில் பொருத்தப்பட்ட குறுக்கிழை டயர்களுக்கும், பொது மக்களின் நிதானமான ஓட்டத்துக்கும் அது ஏற்றதாயிருந்தது. ஆனால் மினி விரைவிலேயே பந்தயக் களத்தில் இறங்கிற்று. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் அது வெற்றி பெற்றது. வேகமான வளைவுகளில் வெளிச்சக்கரத்தின் டயர் அதன் ஓரத்தின்மேல் புரள்வதைத் தடுக்க உட்சாய்வு தேவைப்பட்டது. மினியின் சாய்வைத் திருகாணி கொண்டு திருத்த வழியில்லை. ஆகவே கீழ்க்கரத்தைக் கழற்றிவிட்டு அதனினும் சிறிது நீண்ட கரத்தைப் பொருத்தும் முறை பரவிற்று. 1½ பாகை உட்சாய்வு தரும் கரங்கள் இன்றும் அப்பெயராலேயே விற்பனையாகின்றன. நீளத்தைத் திருகித் திருத்தக்கூடிய கரங்களும் உண்டு.

இதன் தத்துவம் எளிது. மேல் பால் ஜாயிண்ட் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கீழ் பால் ஜாயிண்ட் வெளியே தள்ளப்படுகிறது. சக்கரத்தின் அடி வெளியே போவதால் தலை உள்ளே சாய்ந்ததாகிறது. எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். இரு பால் ஜாயிண்டுகளுக்கும் இடையே உள்ள உயரம் 200 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 1 பாகைக்கு 3½ மில்லிமீட்டர் வேண்டும். 2 பாகை வெளிச்சாய்விலிருந்து 1½ பாகை உட்சாய்வுக்குச் செல்ல, அதாவது 3½ பாகை மாற்ற, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் போதும். ஒரு விரலின் அகலத்துக்கும் குறைவான நீளம் வண்டியின் போக்கையே மாற்றிவிடுகிறது என்பது இங்கு கருதத்தக்கது.

மேற்கரத்தைக் கொண்டும் இதே பயனை அடையலாம். அங்கு நீளத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். கரத்தை மாற்றாமல் அதன் இருப்பிடத்தை மாற்றும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜி.டி.350 காரில், மேற்கரத்தின் உள்முனை பொருந்தும் துளைகள் ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இறக்கப்பட்டன. இதனால் சக்கரம் மேலே எழும்போது பெறும் உட்சாய்வு மிகுந்தது. மினியின் கரம் நிற்கும்போதே சாய்வைத் தருகிறது. ஷெல்பியின் துளைகள் வளைவில் வேண்டும்போது மிகுதியாகத் தருகின்றன. இவ்வேற்றுமையை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக் காட்டுதல் நலம்.

ஒன்றை மாற்றினால் மற்றவை

கரத்தை மாற்றியவுடன் வேலை முடிந்ததென்று வண்டியை வெளியே எடுப்பதே இத்துறையில் நேரும் பெரும்பிழை. என்னென்ன மாறியுள்ளன என்பதை முறையாகக் காண்போம்.

முதலாவது, டோ. மினியில் ஸ்டியரிங்கின் திசைத்தண்டு அச்சுக்குப் பின்னே உள்ளது. கீழ்க்கரம் நீண்டதும் குடத்தாங்கி வெளியே நகர்கிறது. ஆனால் திசைத்தண்டின் நீளம் மாறவில்லை. ஆகவே அது சக்கரத்தின் பின்பக்கத்தை உள்ளே பிடித்து இழுக்கிறது. முன்பக்கம் வெளியே திரும்புகிறது. டோ-அவுட் மிகுந்துவிடுகிறது. திசைத்தண்டு முன்னே அமைந்த வண்டிகளில் இதற்கு மாறாக டோ-இன் மிகும். உட்சாய்வு டயரின் உள்ளோரத்தைத் தேய்க்கும் என்பர், அது உண்மையே. ஆனால் தவறான டோ அதனினும் விரைவாக டயரை அரித்துவிடும். உட்சாய்வின்மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி, திருத்தாமல் விட்ட டோவையே சாரும்.

இரண்டாவது, கிங்பின் சாய்வு. குடத்தாங்கி ஒரே துண்டாகையால் சக்கரம் உள்ளே சாயும் அளவுக்குத் திரும்பும் அச்சும் உள்ளே சாய்கிறது. 2 பாகை வெளிச்சாய்வும் 9½ பாகை கிங்பின் சாய்வும் கூடி 11½ பாகை. சக்கரம் 1½ பாகை உட்சாய்வுக்கு வந்தால் கிங்பின் சாய்வு 13 பாகையாகிறது. அதிலிருந்து 1½ பாகையைக் கழிக்க மீண்டும் அதே 11½ பாகை. இக்கூட்டுத்தொகை மாறாதது. பட்டறையில் அளந்து இத்தொகை மாறியிருக்கக் கண்டால், கரமன்று, குடத்தாங்கியே வளைந்திருக்கிறது என்று துணியலாம்.

மூன்றாவது, இரு பக்கமும் ஒத்திருத்தல். சாய்ந்த சக்கரம் சாய்ந்த பக்கமே உருள முனையும். மேசைமேல் உருட்டிவிட்ட நாணயம் சாயும் பக்கமே வட்டமிட்டுச் செல்வதைக் காண்கிறோம் அன்றோ? இரு முன்சக்கரங்களும் ஒரே அளவாக உள்ளே சாய்ந்திருப்பின் இரண்டின் உந்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால், வெளிச்சாய்வு மிகுந்த, அல்லது உட்சாய்வு குறைந்த சக்கரத்தின் பக்கம் வண்டி இழுக்கும். ஆகவே கரங்களை எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும்.

நான்காவது, இடைவெளிகள். சக்கரத்தின் அடி வெளியே நகர்ந்திருப்பதால் முழுத் திருப்பத்திலும் முழுச் சுமையிலும் டயர் மட்கார்டில் உரசாமலிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். முன்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் வண்டிகளில், இயக்குத்தண்டின் மூட்டு தன் எல்லைக்குள்ளேயே அசைகிறதா என்றும் பார்த்தல் அவசியம்.

ஐந்தாவது, இணைப்புகள். ரப்பர் புஷ் உள்ள கரத்தின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரங்களின்மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். பால் ஜாயிண்டின் நட்டைப் பூட்டும் பின்னைப் போடாமல் விடுவது உயிருக்கே அபாயம். அந்த இணைப்பு விலகினால் சக்கரம் தன் போக்கில் மடிந்துவிடும்.

களப்பணியாளர் கருதவேண்டியவை

பந்தய வண்டிக்கு நன்மையானது நம் பணி வண்டிக்கும் நன்மையாகும் என்று கருதலாகாது. மிகுந்த உட்சாய்வு நேரான பாதையில் டயரின் உள்ளோரத்தின்மேல் சுமையை ஏற்றுகிறது. நேரே ஓடிப் பிரேக் போடும்போது தரையைத் தொடும் பரப்பு குறைகிறது. நாள்தோறும் நெடுந்தூரம் நேர்ப்பாதையில் சுமையோடு செல்லும் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த சாய்வே தக்கது. மேலும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. அரசு வண்டியில் சொந்த விருப்பின்படி மாற்றம் செய்தல் எவ்வகையிலும் முறையன்று.

ஆயினும் கரத்தை மாற்றும் வேலை நம்மை விட்டு அகன்றதன்று. பள்ளத்தில் மோதிக் கரம் வளைதலும், புஷ் தேய்தலும், பால் ஜாயிண்ட் ஆடுதலும் அன்றாட நிகழ்ச்சிகள். அப்போது பட்டறையில் பொருத்தப்படும் புதிய கரம் பழையதினும் சில மில்லிமீட்டர் நீண்டோ குறைந்தோ இருக்குமாயின், மினிக்காரர் வேண்டுமென்று செய்ததை நாம் வேண்டாமலே ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்துவிடுகிறோம். வண்டி ஒருபுறம் இழுக்கிறது. டயர் ஓரத்தில் தேய்கிறது. குற்றம் டயரின்மேல் சுமத்தப்படுகிறது. ஆகவே புதிய கரத்தைப் பொருத்துமுன், சேதமுறாத மறுபக்கத்துக் கரத்தின் அளவோடு ஒப்பிட்டுத் துளையின் மையத்திலிருந்து பால் ஜாயிண்டின் மையம் வரை அளந்து பார்த்தல் வேண்டும். பொருத்திய பின் வீல் அலைன்மெண்ட் தவறாமல் செய்தல் வேண்டும்.

கருவியில்லாத இடத்திலும் சாய்வை ஓரளவு அளக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர்களில் ஒத்த அளவு காற்றடைத்து, சக்கரங்களை நேராக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட வேண்டும். பிறகு டயரின் புடைப்பில் படாதவாறு சற்று வெளியே ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்பு வரையிலும் கீழ்விளிம்பு வரையிலும் உள்ள தூரங்களை அளக்க வேண்டும். மேலே தூரம் மிகுதியாயின் உட்சாய்வு. கீழே மிகுதியாயின் வெளிச்சாய்வு. விளிம்புகளுக்கிடையே 350 மில்லிமீட்டர் உயரமுள்ள ரிம்மில் 6 மில்லிமீட்டர் வேற்றுமை ஏறத்தாழ 1 பாகையைக் குறிக்கும்.

வகுப்பறையில் ஒரு செய்முறை

ஆசிரியர்கள் அட்டையும் குண்டூசியும் கொண்டே இவற்றையெல்லாம் காட்டலாம். ஒரு பலகையில் 6 சென்டிமீட்டர் உயர வேற்றுமையில் இரண்டு ஊசிகளைக் குத்துக. மேல் ஊசி கீழ் ஊசியினும் 4 சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருக்கட்டும். கீழ் ஊசியில் 12 சென்டிமீட்டர் நீள அட்டைப் பட்டையையும், மேல் ஊசியில் 8 சென்டிமீட்டர் பட்டையையும் மாட்டுக. இரண்டின் வெளிமுனைகளையும் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்ட மூன்றாவது அட்டையோடு ஊசியால் இணைக்க. பட்டைகள் கிடைமட்டமாயிருக்கும்போது மூன்றாவது அட்டை செங்குத்தாக நிற்கும். அதுவே சக்கரம். இப்போது அதனை 3 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது ஏறத்தாழ 2 பாகை உள்ளே சாயும். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கீழ்ப்பட்டையை மட்டும் கழற்றி 12.2 சென்டிமீட்டர் பட்டையை மாட்டினால், உயர்த்தாமலே அதே 2 பாகை சாய்வு உண்டாகும். இரண்டே மில்லிமீட்டர் செய்த வேலையை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

கட்டுப்பாட்டுக் கரம் விலை மிகுந்த உறுப்பன்று. அதனை மாற்றுவதும் அரிய வேலையன்று. ஆனால் அதன் நீளத்தில் ஒரு கோணம் மட்டுமன்றி, சக்கரத்தின் கோணங்கள் அனைத்துமே அடங்கியுள்ளன. கரத்தை மாற்றுகிறவர், அந்தக் கரத்தோடு சேர்ந்து மாறும் ஒவ்வொன்றையும் அளந்து திருத்திய பின்னரே தம் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட வண்டியே மழை பெய்யும் மலைவளைவில் தன்னுள் அமர்ந்தவரைக் காத்துக் கொண்டு சேர்க்கும்.